மஞ்சள் கோட்டுக்கு அப்பால்

மார்ச் 4

இன்று பட்டன் ராணி எனக்கு மேற்கோள் மென்பொருள் கற்றுக்கொடுத்தாள். எங்கள் ஆய்வுக் குழுவில் எனக்கு முன்பே சேர்ந்தவள். பட்டம் நான் வைத்தது. அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் பெருமைப்படுவாள். திரையில் ஒரு கட்டுரை வந்தால் மூலையில் ஒரு பட்டன் தெரியும். அமுக்கினால் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் சகிதம் கட்டுரை குழுவின் பொது நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுதும்போது இன்னொரு பட்டன். மேற்கோள் வந்து விழும், கடைசியில் நூற்பட்டியலும் தானே முளைக்கும்.

"படிக்கறதுக்கு எந்தப் பட்டன்?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

மார்ச் 6

பொது நூலகத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் கட்டுரைகள். பெரும்பாலானவற்றை யாரும் திறந்த அடையாளமே இல்லை. சாப்பிடாமலே ஏப்பம் விடுகிற கூட்டம்.

மார்ச் 11

என் ஆய்வு வழிகாட்டியைப் பார்த்தேன். வார்டில் இத்தனை வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, நோயாளிகள் கட்டிலிலிருந்து விழுவதைப் பற்றி ஆராயக் கிளம்பியிருக்கிறேன். இதுவரை பிறர் செய்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் அத்தியாயத்தை ஏப்ரல் கடைசியில் மதிப்பீட்டுக் குழுவின் முன் வைக்க வேண்டும். வழிகாட்டி கையெழுத்து இல்லாமல் வைக்க முடியாது. வைக்காவிட்டால் பதிவு ரத்து, படிப்பு விடுப்பும் போச்சு.

மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பழைய கட்டுரை ஒண்ணு இருக்கும்மா. நாங்க எல்லாரும் அதுலதான் ஆரம்பிப்போம். நீயும் அதுலயே ஆரம்பி."

நூலகத்தில் அதற்கு 'அடிப்படை' என்று குறிச்சொல் போட்டிருக்கிறார்கள். முதல் பக்கத்தின் அடியில் அவர் கையால் ஒரு மஞ்சள் கோடு: கட்டிலின் இருபுறமும் தடுப்புக் கம்பி இருந்தால் முதியவர்கள் விழுவது குறையும். சரி என்று நானும் பட்டனை அமுக்கினேன். வீட்டுக்குப் போகிற அவசரம். வேறென்ன காரணம் சொல்ல?

மார்ச் 15

மாமனாரின் கட்டிலுக்கும் தடுப்புக் கம்பி வாங்கி மாட்டியாயிற்று. கால் தள்ளாடுகிறது அவருக்கு. இவர், என் வீட்டுக்காரர், தயங்கினார். "ஆராய்ச்சியே சொல்லுதுங்க" என்று வாயை அடைத்துவிட்டேன்.

மாமா கம்பியைத் தட்டிப் பார்த்தார். "ஏம்மா, நான் என்ன குத்தம் பண்ணேன்?"

மார்ச் 23

மாமா விழுந்துட்டார். கம்பி மேல ஏறி இறங்கப் பார்த்திருக்கார். கம்பி இல்லைன்னா கட்டில் உசரம்தான். இப்போ அதுக்கும் மேலேர்ந்து — கடவுளே. எலும்பு உடையல. இடுப்பு பூரா கன்னிப் போச்சு.

"பாத்ரூம் போகணும்னு உன்னைக் கூப்பிட்டேன்மா. குழாய் ஓடிட்டு இருந்துச்சு, உனக்குக் கேக்கல" என்கிறார், ஏதோ தன் மேல் தப்பு மாதிரி.

ஆராய்ச்சி சொல்லுதாம், ஆராய்ச்சி!

மார்ச் 24

அந்தக் கட்டுரையை இன்றுதான் முழுதாகத் திறந்தேன். மென்பொருள் முதல் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு நிற்கும். மிச்சத்துக்கு நாம்தான் விரலை அசைக்க வேண்டும். அசைத்தேன். இரண்டாம் பக்கம் 'ஆனால்' என்று தொடங்குகிறது.

ஆனால், மேலே சொன்னது ஊரில் பரவலாக உள்ள நம்பிக்கை மட்டுமே. எங்கள் வார்டுகளில் நாங்கள் கண்டது வேறு. முதியவர்கள் கம்பியின் மேல் ஏறி, கூடுதல் உயரத்திலிருந்து விழுந்தார்கள், கூடுதலாக அடிபட்டார்கள். கட்டிலைத் தாழ்த்துங்கள். இதைச் சொல்லத்தான் அந்தக் கட்டுரையையே எழுதியிருக்கிறார்கள், பாவம்.

வழிகாட்டியின் மஞ்சள் கோடு முதல் பக்கத்தோடு முடிகிறது. அவரிடம் படித்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கோட்டின் மேல்தான் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். நுனிப்புல் மேய்ந்தார்கள் என்று சொன்னால் மாடு கோபித்துக்கொள்ளும். அது புல்லையாவது தொடுகிறது. நானும் அந்த மந்தையில்தான் இருந்தேன் என்பதுதான் எரிகிறது.

சாயங்காலம் இவர் கம்பியைக் கழற்றி, கட்டில் காலையும் அறுத்துத் தாழ்த்தினார்.

மார்ச் 27

வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன்.

"நீ நர்ஸ்மா. உனக்கு உணர்ச்சி ஜாஸ்தி."

"ரெண்டாம் பக்கம் படிச்சீங்களா சார்?"

"பதினஞ்சு வருஷமா மேற்கோள் காட்டிட்டு இருக்கேன். இனிமே படிக்கணுமாக்கும்!"

அப்படியே சொன்னார். ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. முதல் பக்கத்து வரியோடு அத்தியாயத்தைக் கொண்டுவந்தால் கையெழுத்தாம். இல்லையென்றால் இல்லை.

ஏப்ரல் 2

பயமாக இருக்கிறது. விடுப்பு போனால் போகட்டும் என்று வாய் சொல்கிறது, வயிறு கேட்கமாட்டேன் என்கிறது. "ஊரோட ஒத்துப் போயேன். பட்டம் வாங்கினப்புறம் உண்மையை எழுதிக்கோ" என்றார் இவர்.

"உங்கப்பா இடுப்பைப் பார்த்துட்டு வந்து இதையே சொல்லுங்க."

தைலத்தை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனார்.

ஏப்ரல் 9

எழுதி முடித்தேன். முதல் பக்கத்தில் அந்தப் பழைய நம்பிக்கை, வழிகாட்டியின் பெயர், எல்லா மரியாதையும். இரண்டாம் பக்கத்திலிருந்து உள்ளதை உள்ளபடி. கருத்துச் சொல்லச் சொல்லி ஆய்வுக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். எரிச்சலில் ஒரு காரியமும் செய்தேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி: 'இதுவரை படித்தவர் என்னிடம் ஒரு காபி கேட்கலாம்.'

ஏப்ரல் 14

'அருமை.' 'மிக ஆழமான பார்வை.' பட்டன் ராணியிடமிருந்து கட்டைவிரல் படம். காபி கேட்க ஆளில்லை.

வழிகாட்டி முதல் பக்கத்தைப் பார்த்தார், தன் பெயரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "இப்பதான் வழிக்கு வந்திருக்கே."

"முழுசும் பார்த்துடுங்க சார்."

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு" என்று கையெழுத்தைப் போட்டார். அப்போதும் சொன்னேன், "ரெண்டாம் பக்கம் சார்." பேனாவை மூடிவிட்டார். இதற்கு மேல் நான் என்ன செய்ய, ஊட்டியா விட முடியும்?

ஏப்ரல் 15

காபி வரியை எடுத்துவிட்டு மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 28

மதிப்பீட்டுக் குழுவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியை ஒருவர். எடுத்த எடுப்பில் இரண்டாம் பக்கத்தைப் பிரித்தார். வழிகாட்டி அப்போதுதான் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பேராசிரியை, "இவ்வளவு நாளா இதை யாரும் கேக்கலையா?" என்றார்.

எங்கள் ஆள் தொண்டையைச் செருமினார். "ஆரம்பத்துலேர்ந்தே எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு. அதனாலதான் இந்தம்மாவை இதுல விட்டேன்."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. ஒட்டாமல் போகட்டும். அத்தியாயம் ஏற்கப்பட்டது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

மே 3

பொது நூலகத்தைத் திறந்தேன். என் அத்தியாயத்தையும் சேர்த்திருக்கிறார்கள். 'அடிப்படை' என்று குறிச்சொல். முதல் பக்கத்தின் அடியில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு: தடுப்புக் கம்பி இருந்தால் விழுவது குறையும். அதற்குள் இரண்டு பேர் என்னை மேற்கோள் காட்டிவிட்டார்கள், கம்பி நல்லது என்று நான் நிறுவியதாக.

சிரிப்பதா, மென்பொருளைத் தூக்கி எறிவதா? மடிக்கணினியை மூடிவிட்டு மாமாவின் அறைக்குப் போனேன். தாழ்ந்த கட்டிலில் கால் இரண்டும் தரையில் பதிய உட்கார்ந்திருந்தார். வீட்டில் கிடந்த என் அத்தியாயத்தின் பழைய அச்சுப் பிரதியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாகப் படிக்கிறாரோ.

தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஏம்மா, காபி தரேன்னு எழுதியிருக்கியே. எங்கே?"