அம்மா எடுத்த பூப்படங்கள்

பினாங்கு,
12.3.1986

மகளுக்கு,

நீ அந்த ரஹீமைக் கட்டிக்கொண்டு கூச்சிங் போனபின், நீ வைத்த செடிகளை உன் அம்மாதான் வளர்த்தாள். ஆர்க்கிட், செம்பருத்தி, நந்தியாவட்டை என்று எது பூத்தாலும் உன் பழைய கேமராவில் படம் பிடித்து, உனக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் தருவாள்.

நான் ஒன்றையும் தபாலில் போடவில்லை. உன் கடிதங்களையும் அவளிடம் காட்டவில்லை.

"பிள்ளை பதில் போட்டாளா?" என்று தினமும் கேட்பாள்.

"அவளுக்கு உன் பூவெல்லாம் பெரிசில்லைலா" என்பேன்.

அதைக் கேட்டும் மறுநாள் தோட்டத்துக்குப் போவாள். கடைசியில் படுக்கையிலிருந்தே ஜன்னல் வழியாக ஒரு படம் எடுத்தாள். கை நடுங்கியதில் பூ தெரியவில்லை.

எல்லாவற்றையும் இத்துடன் அனுப்புகிறேன். நீ வரவேண்டாம். அவளுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி ஈமச்சடங்கும் நேற்று முடிந்துவிட்டது.

அப்பா