செபமாலையில் அளந்த புகை

இன்று காலை உயிலங்குளத்தில் அந்த லொறியைச் சுற்றி நின்றவர்கள்: உங்கள் தம்பி, நான், லொறியை விற்கிற ஐயா, அவருடைய மனைவி, டயரில் முதுகை உரசிக்கொண்டு ஓர் ஆடு. நீங்கள் மட்டும் இல்லை, மச்சாள். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் உங்கள் செபமாலையில் டீசல் மணக்கிறது. நீங்கள் போன பிறகு அதில் மெழுகுதிரி மணம்தான் இருந்தது. அடுப்பில் சோறு கொதிக்க, அப்படியே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என்னைக் கட்டிய நாள் தொட்டு மற்றவர்களின் மீன் லொறியை ஓட்டிய உங்கள் தம்பி சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறார். வீட்டுக் கணக்கை எழுதுகிறவள் நான். இதில் ஏமாந்தால் இன்னொரு லொறி எங்களுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். பெயின்ற், பின்பெட்டி எல்லாம் பிறகு பார்க்கலாம். எஞ்சின் நல்லதா என்பது ஒன்றுதான் கேள்வி.

முதல் பூசை முடிந்த கையோடு போனோம். வாங்குகிறவர்கள் இரண்டாம் பூசை முடிந்துதான் வருவார்கள், அதற்குள் விற்கிறவர்கள் எஞ்சினைச் சூடாக்கி வைத்துவிடுவார்கள், சூடான எஞ்சின் தன் நோயைக் காட்டாது என்று நீங்கள் சொல்வீர்கள். அதனால் போனதும் எஞ்சினில் உள்ளங்கையை வைத்தேன். கிணற்றுக்கட்டுப் போலக் குளிர்ந்திருந்தது.

"என்ன பிள்ளை, காய்ச்சலோ பாக்கிறீங்கள்?" என்றார் ஐயா.

"காய்ச்சல் இல்லாட்டித்தான் ஐயா வாங்குவம்."

உங்கள் தம்பி ஸ்டார்ட் செய்தார். வெள்ளைப் புகை வந்தது. நான் செபமாலையை எடுத்தேன்.

உப்புக்குளத்தில் உங்கள் வீட்டுக்காரருக்கு லொறி பார்க்கப் போனது நினைவிருக்கும். குளிரில் வரும் வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் மறைய வேண்டும், மறையாவிட்டால் உள்ளே தண்ணீர் போகிறது என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று தெரியாமல் இரண்டு பேரும் முழித்தோம். பிறகு நீங்கள், "பத்து அருள் நிறைந்த மரியே சொல்லுவம். அதுக்குள்ள போனா நல்ல சாமான். போகாட்டி வீட்ட போவம்" என்றீர்கள்.

லொறிக்கார முஸ்லிம் அண்ணர், நாம் காக்கா என்று கூப்பிட்டவர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "தங்கச்சி, உங்கட மாதாவிட்ட எங்கட லொறியைப் பற்றியும் ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லுங்கோ" என்றார்.

பத்தும் முடிந்தது. புகை போகவில்லை. நீங்கள் செபமாலையை முத்தமிட்டு, "சொன்னனான் காக்கா. மாதா வேண்டாமாம்" என்றீர்கள். அவர் வாய்விட்டுச் சிரித்து, தேத்தண்ணி தந்துதான் எங்களை அனுப்பினார். பிறகு அதே முறையில் பார்த்து வாங்கிய லொறிதான் உங்கள் பிள்ளைகளைப் படிப்பித்தது.

இன்றைக்கு ஏழாவது அருள் நிறைந்த மரியேயில் புகை போய்விட்டது, மச்சாள். ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே துளையில் கவிழ்த்து வைத்தேன். உள்ளே தேய்ந்த எஞ்சின் என்றால் மூடி துள்ளும். இது இலேசாக நடுங்கியதே தவிரத் துள்ளவில்லை. ஒயிலும் கறுப்புத்தான், தண்ணீர் போய்ப் பால் கலந்த மாதிரி வெளுக்கவில்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உங்கள் தம்பியோ, லொறியின் முன்னுக்கு எந்தப் புனிதருடைய பெயரை எழுதலாம் என்று ஐயாவின் மனைவியிடம் யோசனை கேட்கத் தொடங்கிவிட்டார்.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் அவர் சும்மா பகிடிக்குச் சொன்னார்: "நீ சொல்லுற வேகத்துக்குக் கப்பல் எஞ்சினும் சூடாகிடும். அக்கா எண்டா அதுக்குள்ள ஒரு முழுச் செபமாலையே முடிச்சு எழும்பியிருப்பா."

அவர் சிரித்தார். உண்மைதானே. கோயிலில் நீங்கள் தொடங்கினால் எங்களுக்கு மூச்சு வாங்கும். நான் ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று சொல்கிறவள். நாம் லொறி பார்த்ததெல்லாம் உங்கள் பத்தில். என்னுடைய ஏழு உங்களுக்குப் பன்னிரண்டாகவும் இருக்கலாம்; அப்படியென்றால் புகை பத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, காற்றுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ஐயாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஐயா, நாளைக்கும் விடிய வாறம். அதுவரைக்கும் எஞ்சினைத் தொடாதேங்கோ."

"ஏன் பிள்ளை, செபம் இன்னும் மிச்சமோ?"

"ஓம் ஐயா. என்ர மச்சாளின்ர செபம் மிச்சம்."

சோறு குழைந்துவிட்டது. பரவாயில்லை. குசினியில் நின்று உங்கள் வேகத்தில் சொல்லிப் பழகுகிறேன். நாக்கு தடுக்குகிறது, சிரிப்பும் வருகிறது. உங்களை அடக்கம் செய்த பிறகு இந்தச் செபமாலையை நான் சிரித்துக்கொண்டு பிடித்தது இன்றுதான். உங்கள் தம்பி வாசலில் லொறி நிற்பாட்ட இடம் துப்பரவாக்குகிறார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. எனக்கும் அந்த ஆசைதான்.

நாளை விடிய உங்கள் வேகத்தில் பத்தும் சொல்லப் போகிறேன், மச்சாள். அது முடிவதற்குள் பதில் சொல்லுங்கோ.