எட்டு நட்டும் ஒரு சிவப்பு எண்ணெயும்

ஜூலை 7, திங்கள்

தூறல். நேற்றுப் போட்ட துணி இன்னும் காயவில்லை. இருபத்தொரு வருடம் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தாயிற்று. போதும். எழுதிவிடுவது என்று முடிவு.

காரணம், காலையில் வந்த கடிதம். மூடிப்போன எங்கள் ஃபேக்டரியின் பழைய ஊழியர் சங்கம் மலர் போடுகிறதாம். நினைவுகளை 20-ஆம் தேதிக்குள் அனுப்பி உதவ வேண்டுமாம். கூடவே ஒரு வரி: துருப்பிடித்த நட்டு போல்ட்டைக் கழற்றும் எண்ணெயைக் கண்டுபிடித்த திரு. ஜெயசீலன் அவர்களுக்குத் தனிப் பக்கம்.

கண்டுபிடித்தவன் நான்.

ஒருமுறை தெளிவாக எழுதி வைக்கிறேன். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு ஊற்றும் சிவப்பு ஆயில் ஒரு பங்கு. அசிட்டோன் ஒரு பங்கு. ஆயில் நன்றாக வழுக்கும், ஆனால் துருவின் இடுக்கில் நுழையாத அளவுக்குக் கெட்டி. அசிட்டோன் அதை நீர்க்க வைத்து உள்ளே இட்டுக்கொண்டு போகும், பிறகு தான் மட்டும் ஆவியாகிவிடும். இதை யோசித்து, டிராயிங் ஆபீஸில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதியவன் நான். ஜெயசீலன், எங்களுக்குச் சீலன், ஃபிட்டர். நல்ல யோசனைக்குப் பரிசு தரும் சஜெஷன் ஸ்கீமில் தொழிலாளர்கள் மட்டும்தான் சேரலாம், ஆபீசர்களுக்கு இடமில்லை. அதனால் படிவத்தை நானே நிரப்பி, கீழே அவனைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். முதல் பரிசு. மேடை, சால்வை, சுவர்க் கடிகாரம். மைக்கைப் பிடித்து யார் யாருக்கு நன்றி சொன்னான்? கர்த்தருக்கு, மனைவி ஸ்டெல்லாவுக்கு, ஃபோர்மேனுக்கு, கேன்டீன் ராமுவுக்கு. கேன்டீன் ராமுவுக்கு!

வசந்தியிடம் கடிதத்தைக் காட்டினேன். "இருபது வருஷமா அந்தக் கடிகாரத்தைச் சுமக்கிறீங்க. அவர் வீட்டுல அது ஓடுதோ நின்னுடுச்சோ" என்றாள். மனைவி பேசுகிற பேச்சா?

மன்னிக்காதவர்கள் வரிசையில் சீலன் இரண்டாவது. முதலாவது என் தம்பி. அது வேறு நோட்டு.

தலைப்பு: 'ஒரு எண்ணெயின் உண்மைக் கதை'. இரண்டு பக்கம் எழுதியாயிற்று. நன்றாக வருகிறது.

மாலை 5. போன். ஸ்டெல்லா. ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"அண்ணா, காக்ஸ் டவுன்லேர்ந்து பேசறேன். அவருக்கு ஸ்ட்ரோக் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. சொல்லலேன்னு தப்பா நினைக்காதீங்க."

வலது பக்கம் விழுந்துவிட்டதாம். பேச்சும் போய்விட்டது. படுத்தபடி சாப்பிட்டால் புரை ஏறுகிறது. முதுகைத் தூக்கி வைத்துத்தான் கொடுக்க வேண்டும், சாப்பாடு நுரையீரலுக்குப் போனால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலையணை அடுக்கினால் வலது பக்கமாகச் சரிந்துவிடுகிறார். வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில் மாடிப்படித் திருப்பத்தில் திரும்பாமல் போய்விட்டது. இப்போது சர்ச்சிலிருந்து ஒரு பழைய கட்டில் கொடுத்திருக்கிறார்கள், கழற்றிப் பூட்டும் ரகம். ஷெட்டில் நாலு மழைக்காலம் நனைந்தது.

"நட்டெல்லாம் துரு ஏறி ஒண்ணாயிடுச்சு அண்ணா. அவரு இருந்தா ஒரு நிமிஷம்…" நிறுத்தினாள். "இருக்காரு. 'நல்லா இருந்தா'ன்னு சொல்ல வந்தேன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன், தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மேகமூட்டம். ஜே.சி. ரோடு போய் வந்ததில் அரை நாள் போயிற்று.

வாங்கியது:
சிவப்பு ஆயில், அரை லிட்டர்
அசிட்டோன், அரை லிட்டர் (ஃபைபர் கிளாஸ் சாமான் விற்கும் கடை)
கம்பி பிரஷ்
இங்க் ஃபில்லர்
வசந்திக்குக் கொத்தமல்லி (மறந்தேன்)

ஆயில் கடைக்காரர், "கௌன்சி காடி சாப்?", எந்த வண்டிக்கு என்று கேட்டார். வண்டி இல்லை, கட்டில் என்றேன். கட்டிலுக்கு என்ன கியர் என்று பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும்.

முதல் கலவையைப் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றித் தொலைத்தேன். அசிட்டோன் பட்டதும் டம்ளர் இளகி, ஓட்டையாகி, மேஜையெல்லாம் சிவப்பு. பொறியியல் படித்த மூளை! இரண்டாவது கலவை கண்ணாடி ஜாம் பாட்டிலில்.

வசந்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல்களைத் திறந்தாள். "வீடே பியூட்டி பார்லர் மாதிரி இருக்கு. எவளுக்கு நகப்பூச்சு அழிக்கப் போறீங்க?"

"சீலனுக்கு" என்றேன். அவள் மேஜையைத் துடைத்த துணியைத் தானே கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டு வந்தாள். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும் என்று எனக்கே சொன்னாள்.

மதியம் காக்ஸ் டவுன். கட்டில் மாடிப்படிக்குக் கீழே நிறுத்தியிருக்கிறது. நட்டு எட்டு. சாக்பீஸால் எண் போட்டேன். 1 முதல் 4 கால்கள். 5, 6 நடுச் சட்டம். 7, 8 தலைப்பக்கம் தூக்கும் திருகு. எட்டிலும் பிரஷ் போட்டுத் துருவை உதிர்த்து, ஃபில்லரால் கலவையை விட்டேன்.

மேலே போக மனமில்லை. ஸ்டெல்லா விடவில்லை.

சீலன் பாதி ஆகிவிட்டான். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவன். என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினான். "ஆமா" என்றான். அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறதாம். பசிக்கிறதா? ஆமா. பசிக்கவில்லையா? ஆமா. "கல்யாணமான முப்பது வருஷத்துல நான் சொன்னதுக்கெல்லாம் இப்பத்தான் ஆமாங்கறாரு" என்றாள் ஸ்டெல்லா. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை.

கடிகாரம் சுவரில் இருந்தது. ஓடுகிறது.

ஜூலை 9, புதன்

வெயில் தலைகாட்டியது. கா. 10-க்கே போய்விட்டேன்.

ஒன்றுகூட அசையவில்லை. மறுபடி விட்டு, ஒரு மணி நேரம் காத்து, மறுபடி விட்டேன். ம்ஹும். ஸ்பேனர் கைப்பிடியில் பைப்பைச் செருகித் தொங்கினேன். 6-ஆம் எண் திரும்புவதுபோல் ஒரு கணம் ஆசை காட்டி, போல்ட்டோடு படக்கென்று முறிந்தது. விரல் முட்டியெல்லாம் தோல் போயிற்று.

கீழ்வீட்டு ஆட்டோக்காரர் முனிராஜு எட்டிப் பார்த்தார். "பேடா சார், வேணாம், விட்டுடுங்க. கேஸ் கட்டிங் ஆளைக் கூப்பிட்டா அரை அவர்ல அறுத்துப் போட்டுடுவான்."

"அறுத்தா மறுபடி எப்படிப் பூட்டுவீங்க?"

"அது நீங்கதானே சார் இன்ஜினியரு."

ஸ்டெல்லா டீ குடிக்கக் கூப்பிட்டாள். ஜாம் பாட்டிலை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, விரலுக்கு மஞ்சள் போட்டுக்கொண்டிருந்தேன். சீலன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இடது கையை முஷ்டி பிடித்து மேலும் கீழும் ஆட்டினான்.

"என்னங்க, தண்ணியா?"

"ஆமா."

தண்ணீர் கொடுத்தாள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி ஆட்டல்.

"ஃபேனா? டி.வி.யா? மணி அடிக்கணுமா? யாரையாவது அடிக்கணுமா?"

"ஆமா. ஆமா. ஆமா."

"என்னையா?" என்று நான் கேட்டேன். "ஆமா" என்றான், அழுத்தமாக.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். வெயிலில் பாட்டில் இரண்டு அடுக்காக நின்றது. கீழே சிவப்பு. மேலே கிட்டத்தட்டத் தண்ணீர். இரண்டு நாளாக நான் ஃபில்லரை மேலாக முக்கி வெறும் அசிட்டோனை உறிஞ்சி விட்டிருக்கிறேன். நட்டில் பட்டதும் அது பறந்து போயிருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய்கூட உள்ளே இறங்கவில்லை.

பாட்டிலை எடுத்துக் குலுக்கினேன். முழுக்கச் சிவப்பானது. சீலன் சிரித்தான். பாதி முகம்தான் சிரித்தது, ஆனால் சத்தம் முழுசாக வந்தது. "ரெண்டு மாசத்துல இப்பத்தான் சிரிக்கிறாரு" என்று ஸ்டெல்லா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஷாப் ஃபுளோரில் அவன் கையில் எப்போதும் அந்த எண்ணெய்க் குப்பி இருக்கும், எப்போதும் ஆட்டிக்கொண்டே நடப்பான். "ஏன்யா அதைக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டறே?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறேன். "வேலை செய்யணுமே சார்" என்றான். கேலி என்று நினைத்துக்கொண்டேன். நான் நிரப்பிய படிவத்தில் குலுக்குவது பற்றி ஒரு வரி இல்லை. எனக்குத் தெரிந்தால்தானே. டிராயிங் ஆபீஸிலிருந்து இறங்கிப்போய் ஒரு நட்டையாவது கழற்றிப் பார்த்தேனா?

வீட்டுக்கு வந்து எழுதிய பக்கங்களைப் படித்தேன். நடை நன்றாகத்தான் இருக்கிறது. கிழிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

மறுபடி தூறல். குலுக்கிக் குலுக்கி மூன்று வேளை விட்டேன். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு நட்டையும் சுற்றித் தட்டல். இன்று ஸ்பேனர் போடுவதில்லை. ஊறட்டும்.

ஸ்டெல்லா மாத்திரை வாங்கப் போனாள். ராகிக் கஞ்சியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். முறை: அரை ஸ்பூன். மோவாயைத் தாழ்த்த வேண்டும். தொண்டை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். வாய் காலியான பிறகுதான் அடுத்தது. ஐந்தாவது ஸ்பூனில் புரை ஏறிவிட்டது. முகம் நிறம் மாறியது. என்ன செய்தேன் என்று கோர்வையாக நினைவில்லை. அவனை இழுத்து என் மார்பில் சாய்த்து, முன்பக்கமாகக் குனிய வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். இருமி, இருமி, அடங்கியது. என் சட்டையெல்லாம் கஞ்சி. அவ்வளவு எடை குறைந்திருக்கிறான்.

அப்படியே பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். "அன்னிக்கு மேடையில என் பேரைச் சொல்லலையே சீலா. ஏன்?"

"ஆமா."

"மறந்துட்டியா?"

"ஆமா."

"வேணும்னு விட்டியா?"

"ஆமா." இடது கை என் முழங்கையைத் தட்டிக்கொண்டே இருந்தது. அழுகிற குழந்தையைத் தட்டுவதுபோல்.

பெயரைச் சொல்லியிருக்க முடியாது. ஆபீசர் சம்பந்தம் தெரிந்தால் பரிசு ரத்து, எனக்கு மெமோ. இது எனக்கு இருபத்தொரு வருடமாகத் தெரியும். வசந்தியிடம்கூடச் சொன்னதில்லை. பெயர் சொல்ல வேண்டாம், சரி. ஒரு பார்வை பார்த்திருக்கலாம். மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

கா. 11:20. எண் 3 அசைந்தது. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். கிர்ர் என்று ஒரு முனகல், துருவும் எண்ணெயுமாகக் கருஞ்சிவப்பில் ஒரு கசிவு. வாய்விட்டுக் கத்திவிட்டேன் போலிருக்கிறது. மாடியிலிருந்து "ஆமா" என்று குரல் வந்தது.

3, 1, 4, 7, 5. சாப்பாட்டுக்குப் பிறகு 2. கடைசியில் 8, ஒரு மணி நேரம் எடுத்தது. ஒவ்வொன்றுக்கும் மாடியைப் பார்த்து எண்ணைக் கத்தினேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. முனிராஜு, "என்னா சார், ஏலமா?" என்றார்.

தூக்கும் திருகை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன். 6-க்குப் புது போல்ட் வாங்க வேண்டும். கொத்தமல்லி வாங்கினேன்.

ஜூலை 12, சனி

நல்ல வெயில். வசந்தியும் வந்தாள், கேட்காமலே. சட்டங்களை நானும் முனிராஜுவும் ஏற்றினோம். திருப்பத்தில், "ஸ்வல்ப சாச்சுப் புடிங்க, இன்னும் கொஞ்சம், அவ்ளோதான்" என்று அவர் சொல்லச் சொல்லத் திரும்பிவிட்டது.

பூட்டி முடித்ததும் சீலன் கையை நீட்டினான். ஸ்பேனர் வேண்டுமாம். கொடுத்தேன். ஸ்டெல்லா வலது பக்கம் தாங்கிக்கொள்ள, நாற்காலியைக் கட்டிலைச் சுற்றி நகர்த்தினேன்; இருந்தபடியே குனிந்து, எட்டுக்கும் மெத்தென்று ஒரு அழுத்தம் கொடுத்துப் பார்த்தான், இடது கையால். 6-இல் நிறுத்தினான். கால் சுற்று இறுக்கினான். நான் தளர்வாக விட்டிருக்கிறேன். என்னைப் பார்த்தான். ஆமாகூடச் சொல்லவில்லை.

படுக்க வைத்துத் தலைப்பக்கத் திருகின் கைப்பிடியைச் சுற்றினேன். முதுகு மெல்ல எழுந்தது. சரியவில்லை. ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தான், ரொம்ப நேரம். ஸ்டெல்லா கஞ்சி கொடுத்தாள். வசந்தி வாய்க்குள்ளேயே எண்ணினாள். பதினாலு ஸ்பூன். ஒரு இருமல் இல்லை. பதினைந்தாவதுக்கு வாயை மூடிக்கொண்டான்.

திரும்பும்போது வண்டியில் வசந்தி என் தோளைப் பிடித்திருந்தாள். அல்சூர் ஏரிக்கரையில், "விரல் வலிக்குதா?" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

மேகம். மழை இல்லை. காலையிலிருந்து எழுதுகிறேன்.

பழைய இரண்டு பக்கமும் வேண்டாம். புதிதாக ஒன்றரைப் பக்கம். அளவு. கண்ணாடி பாட்டில்தான், பிளாஸ்டிக் கூடாது. நெருப்புப் பக்கம் ஆகாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் குலுக்கிய கையோடு விட வேண்டும், தாமதித்தால் பிரிந்துவிடும். சுற்றித் தட்டல். ஒரு நாள் பொறுமை. முதலில் இறுக்கும் பக்கம். முறிந்தால் குற்றம் போல்ட்டின் மீது இல்லை, அவசரப்பட்டவன் மீது. இதை ஒருவர் காகிதத்தில் எழுதினார், இன்னொருவர் வேலை செய்ய வைத்தார் என்று ஒரே ஒரு வரி.

பெயர்தான் சிக்கல். என் பெயரைப் போட்டால் பாதி பொய். அவன் பெயரை மட்டும் போட மனசு வரவில்லை. இன்னும் வரவில்லை, மறைத்து என்ன.

"ரெண்டு பேரையும் போடுங்களேன்" என்றாள் வசந்தி.

"யார் பேர் முதல்ல?"

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஸ்டெல்லா போன். காலை இட்லி இரண்டு, இறங்கிவிட்டது. பக்கத்தில் அவன் குரல். என்னவோ கேட்டேன், ஆமா என்றான்.

பெயர் இல்லாமலே அனுப்பப் போகிறேன். கவரில் அனுப்புநர் இடத்தையும் காலியாக விட்டுவிட்டேன். நாளைக் காலை தபாலில் சேர்த்துவிட வேண்டும். கோந்து காய்ந்துகொண்டிருக்கிறது.