கண்ணை மூடிச் சொன்ன ஆமென்

என்னங்க,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன்.

இன்று ஜெபக்கூட்டத்தில் பாஸ்டரம்மா மைக்கைப் பிடித்து உருகி உருகி ஜெபித்தார். "ஆண்டவரே, விசுவாசமே போச்சுன்னு எங்ககிட்ட ரகசியமா சொன்ன அந்த மகனைத் திருப்பிக் கொண்டு வாங்கப்பா!" எவள் புருஷனோ, பாவம் என்று நினைத்து, எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் ஆமென் சொன்னேன்.

"கப்பல்ல சமையல் பண்ற அந்த மகனை..." என்று அவர் தொடர்ந்ததும் கண்ணைத் திறந்துவிட்டேன். சபையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கப்பலில் சமைப்பவர் நம் சபையில் வேறு யார் இருக்கிறார்?

உங்கள் அக்கா காதருகே குனிந்து, "உனக்குத் தெரியாதாடி?" என்றார்.

"தெரியும் அண்ணி" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

பாஸ்டரம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அது கிடக்கட்டும். தினமும் காலையில் போனில் எனக்கு வேதம் வாசிக்கிறீர்களே, அது யாருக்காக? நேற்று சங்கீதம் வாசிக்கும்போது உங்கள் குரல் தழுதழுத்ததே! ஆவியானவர் தொட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே!

நாளைக்கும் கூப்பிடுங்கள். வேதத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் சொந்த வார்த்தையில் பேசுங்கள். இந்த முறை நான் கண்ணைத் திறந்துகொண்டு கேட்கிறேன்.

இப்படிக்கு,
சின்னவளின் அம்மா