கிண்டியில் நான் இறங்கிவிடுகிறேன்

என் பிரியமான அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க வழியில்லை. சுற்றி வளைத்துப் பேசவும் எனக்கு வராது, உங்களுக்கே தெரியும். அம்மா இப்போது சென்னையில் என்னோடு இருக்கிறார். மார்பில் ஒரு கட்டி. ஆபரேஷன் முடிந்துவிட்டது, இப்போது வாரத்தில் ஐந்து நாள் கதிர் சிகிச்சை நடக்கிறது. கோயம்புத்தூரில் இல்லாத ஆஸ்பத்திரியா? இருக்கிறது. ஆனால் சிங்காநல்லூர் வீட்டில் அம்மாவுக்குத் துணைக்கு யார் இருக்கிறார்கள்? நீங்கள்தான் போய்விட்டீர்களே.

என் லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. காலையில் ஆலந்தூரில் இருவரும் மெட்ரோ ஏறுகிறோம். அடுத்த ஸ்டேஷன் கிண்டி. அங்கேதான் என் ஆபீஸ், நான் இறங்கிவிடுவேன். அம்மா தனியாக ஆயிரம் விளக்கு வரைக்கும் போக வேண்டும். சின்னமலை தாண்டியதும் ரயில் பூமிக்கடியில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு அவர் போன் பெரும்பாலும் கிடைக்காது.

முதல் நாள் டிக்கெட் விலையைக் கேட்டதும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. காந்திபுரத்துக்கு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர் இல்லையா? பொம்பளைகளிடம் இங்கே மட்டும் ஏன் காசு வாங்குகிறீர்கள் என்று கவுன்டரில் இருந்த பெண்ணிடமே நியாயம் கேட்டார். சரி, ஆட்டோவில் போகலாம் என்று அடுத்த நாள் கூட்டிப்போனேன். ஆட்டோக்காரர் கேட்டது கிட்டத்தட்டப் பத்து மடங்கு. காசை விடுங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் அம்மா தையல் போட்ட பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறுநாள் மெட்ரோவில் உட்கார்ந்ததும், ஆட்டாமல் அலுங்காமல் கொண்டுபோய் விடுகிறது, கொடுக்கிற காசு அதற்குத்தான் என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பிரச்சினை ரயில் இல்லை, அப்பா. பிரச்சினை நம் ஊர் மரியாதை. ஸ்டேஷன் நுழைவில் அம்மா மெட்ரோ கார்டைத் தேய்த்தார், கேட் திறந்தது. பின்னால் ஒரு கல்லூரிப் பெண் நிற்பதைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டு, "நீ மொதல்ல போ கண்ணு" என்று வழிவிட்டார். அந்தப் பெண்ணும் போய்விட்டாள். கேட் மூடிக்கொண்டது. அம்மா உள்ளே போய்விட்டதாகக் கார்டில் பதிவாகிவிட்டது, அம்மாவோ வெளியே நிற்கிறார். மறுபடி தேய்த்தால் சிவப்பு விளக்கு. நான் கத்திவிட்டேன். அவர் அசரவில்லை.

"அந்தப் புள்ளைக்கு என்ன அவசரமோ. வழி உட்டா இந்த மிசினுக்கு எதுக்குக் கோவம் வருது?"

நீங்களாக இருந்தால் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டில் செய்ததை இறங்கும்போதும் செய்தால் என்ன ஆகும்? கதவு சில நொடிதான் திறந்திருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை அதுதான் நடந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனதும் எனக்குக் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. கூப்பிடவில்லை. நான் அடித்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று திரும்பத் திரும்ப அதே குரல்.

நீங்கள் போன அன்றைக்கு உங்கள் போனாவது அடித்துக்கொண்டே இருந்தது, அப்பா. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப்பில் நீங்கள் சாய்ந்து கிடந்தபோது யாரோ ஒருவர் அதை எடுத்து, "ஏனுங்க, இவருக்கு நீங்க என்ன வேணுமுங்க?" என்று என்னிடம் கேட்டார். அன்றிலிருந்து, யாராவது போனை எடுக்கவில்லை என்றால் எனக்கு வேறு காரணமே தோன்றுவதில்லை. இதற்கு என்ன மருந்து?

மீட்டிங்கில் இருந்து எழுந்து ஓடினேன். கிண்டியில் ரயில் ஏறி, ஒவ்வொரு பிளாட்பாரத்திலும் கண்ணாடி வழியாக அம்மாவின் மஞ்சள் பையைத் தேடிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சிகிச்சை முடிந்து, அமைதியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஆபீஸ் லீவா என்று கேட்டார்.

ஆயிரம் விளக்கில் எல்லோரும் இறங்கட்டும் என்று நின்றாராம். கதவு மூடிவிட்டதாம். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, யாரிடமோ கேட்டு, எதிர்த்திசை ரயிலைப் பிடித்துத் திரும்பி வந்தாராம். நேரமாகிவிட்டதே என்று நேராகச் சிகிச்சை அறைக்குள் போய்விட்டாராம். அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டேன். நாளையிலிருந்து சம்பளம் போனாலும் பரவாயில்லை, நானே கூட வருகிறேன் என்றேன்.

அம்மா என் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி மெதுவாகச் சொன்னார்:

"நீ பயந்துட்டே கூட வந்தீன்னா சாமி, எனக்கு வந்த நோவு பெருசுன்னுதான் தோணுது. தனியா அந்த ரயில்ல போறப்பத்தான், மத்தவங்க மாதிரி நானும் ஒரு சோலிக்குப் போறேன்னு இருக்குது. அதையும் புடுங்கிப்போடாத."

அன்று சாயங்காலம் ஆலந்தூர் ஸ்டேஷனில் அம்மாவுக்கு ஒரு பாடம் நடத்தினேன்: மரியாதை இல்லாமல் இறங்குவது எப்படி. ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே எழுந்து கதவிடம் போய் நிற்க வேண்டும். யார் நின்றாலும் வழிவிடக் கூடாது. "இடிச்சுட்டா போறது? ஊருல கேட்டா என்ன சொல்லுவாங்க?" என்று முனகினார். ஊரில் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று சமாதானம் செய்தேன்.

இன்று காலை கிண்டியில் இறங்கினேன். கதவு மூடியது. உள்ளே ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். அம்மா வேண்டாம் என்று தலையாட்டுவார் என நினைத்தேன். உட்கார்ந்துவிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த ரயில் வந்து நின்றது. கதவு திறந்து, மூடி, அதுவும் போனது. நான் பிளாட்பாரத்திலேயே நின்றேன்.

சிகிச்சை முடியும்வரை தினமும் கிண்டியில் இறங்குவேன், அப்பா. பின்னால் வரும் ரயிலில் ஏற மாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. பயப்பட மாட்டேன் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. இதை எழுதும்போதும் போன் என் இடது கையில்தான் இருக்கிறது. அம்மா இன்னும் கூப்பிடவில்லை.

உங்கள் ஒரே மகன்,
பிரபு