திருமாலுக்கு வைத்த பொட்டு

விருத்தாசலம்

அன்புள்ள செல்லக்கண்ணுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். நெற்றியில் மட்டும் தையல் போட்டிருக்கிறார்கள். போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட டைல்ஸில் கரியால் முகம் வரைந்து பழகுகிறேன் அல்லவா? யாரை வரைந்தாலும் "யாருய்யா இது?" என்று சிரிப்பார்கள். இந்த முறை சூளை மேஸ்திரி திருமாலை வரைந்தேன். ஆயுத பூஜையன்று என் சாமான்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தபோது அந்தப் படத்துக்கும் வைத்துப் பூவும் போட்டுவிட்டேன்.

"யோவ் பெருசு, நான் என்னா செத்தா பூட்டேன்?" என்று அதை என் நெற்றியிலேயே அடித்து உடைத்தான். நானும் சூளைக் கம்பியால் அவன் தோளில் ஒன்று போட்டேன். வெள்ளை மண்ணெல்லாம் இரண்டு பேர் ரத்தம்.

மன்னிப்புக் கேட்டால்தான் வேலை என்கிறார் முதலாளி. கேட்க மாட்டேன். அது தன் முகம்தான் என்று அவனே ஒப்புக்கொண்டுதானே அடித்தான்?

உன் முகம்தான் இன்னும் சரியாக வரவில்லை. ஒரு போட்டோ அனுப்பு. கல்யாணப் படம் வேண்டாம், அதில் உன் கழுத்தில் மாலை இருக்கிறது.

முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். போகிறேன்.

பக்கிரி