செவ்வாய்க்கிழமை இல்லாத மொழி

கிரீஸ் கையோடு கீபோர்டைத் தொடாதே என்று எத்தனை தடவை கத்தினாலும் கேட்காத என் குணா மச்சானுக்கு,

நீ எங்களையெல்லாம் விட்டுப் போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. உன் மனைவி, அதுதான் என் தங்கை வசந்தா, மெர்லிமாவ் ஊரில் உன் ரிப்பேர் கடையை விடாமல் நடத்துகிறாள். வருகிற மோட்டார் சைக்கிள்களை உன் பழைய மெக்கானிக் முருகையா அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நாம் இரண்டு பேரும் கம்ப்யூட்டருக்கென்று உண்டாக்கிய மொழி இருக்கிறதே, நம்முடைய 'ஸ்பானர்', அதன் முதல் பதிப்பு வரும் வெள்ளிக்கிழமை வெளிவருகிறது. அதற்குள் உன்னிடம் ஒரு சண்டையை முடித்தாக வேண்டும்.

ஏழு வருஷம் செவ்வாய்க்கிழமை தவறாமல் சண்டை போட்டோம். நான் பாடம் நடத்தும் கல்லூரியில் அன்றைக்கு எனக்கு வகுப்பு கிடையாது. உன் கடைக்கும் லீவு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டயர் அடுக்கின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சில நாள் யாரோ ஷட்டரைத் தட்டுவார்கள். "காத்துடா" என்பாய். நானும் நம்பினேன்.

புரோகிராமில் ஒரு பகுதி எங்கே முடிகிறது என்பதை வரியைத் தள்ளி எழுதியே காட்டிவிடலாம் என்றேன். "கண்ணுக்கே தெரியாத இடைவெளிய நம்பி வண்டி ஓட்டச் சொல்றியாலா? முடிஞ்சா முடிஞ்சதுன்னு எழுதணும்லா" என்று குதித்தாய். இன்றைக்கும் நம் மொழியில் ஒவ்வொரு பகுதியும் 'சரி' என்ற சொல்லோடுதான் முடிகிறது. கடைசி நட்டை முறுக்கிவிட்டு நீ சொல்லும் அதே 'சரி'.

மொழியோடு கூடவே போகிற கருவிப்பெட்டியில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதுதான் பெரிய பாடு. நான் ஆசைப்பட்டதையெல்லாம் உள்ளே போடப் பார்ப்பேன். நீ ஒரே கேள்வி கேட்பாய். "இது சீட்டுக்கு அடியில வைக்கிற சாமானா, கடைச் சுவத்துல மாட்டுற சாமானா?" நடுரோட்டில் வண்டி நின்றால் யாருக்கும் தேவைப்படுவது சீட்டுக்கு அடியில். மற்றதெல்லாம் சுவரில். நான் மூன்று மாதம் உழைத்து எழுதிய படம் வரையும் கருவியை இரக்கமே இல்லாமல் சுவருக்கு அனுப்பினாய். மூன்று வாரம் வந்து உட்கார்ந்து திட்டினேனே தவிர முகம்கொடுத்துப் பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

'அடுத்ததேதி' மட்டும் எதிர்ப்பே இல்லாமல் சீட்டுக்கு அடியில் போனது. அது நீ எழுதியது. ஒரு தேதியும் இத்தனை மாதம் என்றும் கொடுத்தால் அடுத்த தேதியைச் சொல்லும். எண்ணெய் மாற்ற வேண்டிய நாளை வாடிக்கையாளர்களுக்கு நினைவுபடுத்தக் கடைக்காக எழுதினாய். அதையே எடுத்துப் பெட்டியில் வைத்தாய். ஜனவரி முப்பத்தொன்றுக்கு ஒரு மாதம் கழித்து எந்தத் தேதி என்று இரண்டு செவ்வாய்க்கிழமை அடித்துக்கொண்டோமே. அந்தச் சண்டையில் வேறொன்றைக் கோட்டைவிட்டுவிட்டோம், மச்சான்.

போன வாரம் ஈப்போவிலிருந்து ஒரு டீச்சர் கூப்பிட்டார். முன்கூட்டிக் கொடுத்துப் பார்த்த சோதனைப் பதிப்பை வைத்து, பள்ளி நூலகத்தில் புத்தகம் திருப்பித் தரும் தேதிகளை நம் மொழியில் கணக்குப் போட்டிருக்கிறார். "சார், உங்க மொழியில செவ்வாக்கிழமையே கிடையாதா?" என்றார். திறந்து பார்த்தேன். நடுவில் ஒரு வரி: செவ்வாய் வந்தால் ஒரு நாள் தள்ளு. உன் கடைக்கு லீவு என்பதற்காக, இந்த மொழியில் எழுதும் எல்லாருக்கும் லீவு விட்டிருக்கிறாய்! சரிபார்த்து ஒப்புக்கொண்ட மகான் நான்தான்.

சிரித்தேன். அப்புறம் அழுதேன். முதல் பதிப்பில் போனதைப் பிறகு எடுக்கக் கூடாது என்பது நாம் போட்ட சட்டம். எடுப்பதானால் வெள்ளிக்குள் எடுக்க வேண்டும். ஒரு வரிதான். கை வரவில்லை. நம்முடைய நாள் அந்த ஒரு வரியில்தானே இருக்கிறது?

வசந்தாவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று மெர்லிமாவுக்குப் போனேன். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, செவ்வாக்கிழமதான் பேக்டரியில ஷிப்ட் மாறுற நாளு. கடைக்கு வர்ற கூட்டமே அன்னிக்குத்தான். இப்பத்தான் அன்னிக்குத் தொறக்குறோம்" என்றாள்.

"செவ்வாக்கிழமை ஈ காக்கா வராதுன்னு சொன்னானே?"

"உங்ககிட்ட அப்படித்தான் சொல்வாரு. 'உங்கண்ணனுக்கு அன்னிக்கு மட்டும்தான் லீவு. உண்மையச் சொன்னா வரமாட்டான், நீயும் வாயத் தொறக்காத'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

ஏழு வருஷம், மச்சான். ஷட்டரைத் தட்டிய காற்றையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். ஏன்டா சொல்லவில்லை? சனிக்கிழமை லீவு போட்டாவது வந்திருப்பேனே. வந்திருப்பேனா?

அந்த டயர் அடுக்கின் மேலேயே லேப்டாப்பைத் திறந்தேன். சீட்டுக்கு அடியிலா, சுவரிலா என்று உன் கேள்வியையே கேட்டுப் பார்த்தேன். பதில் தெரிந்ததுதான். வரியை அழித்தேன். டீச்சரின் பிள்ளைகள் இனிச் செவ்வாய்க்கிழமையும் புத்தகம் திருப்பித் தரலாம். கடையில் ஓடும் புரோகிராமிலும் எடுத்துவிடட்டுமா என்று வசந்தாவைக் கேட்டேன். "அது இருந்துட்டுப் போகட்டும்ணே" என்றாள்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளை வேறு எதற்கும் தர மாட்டேன். அடுத்த பதிப்பையும் அதே இடத்தில் உட்கார்ந்துதான் எழுதுவேன், ஷட்டர் முழுக்கத் திறந்திருக்கட்டும். இத்தனை வருஷத்தில் உன் கடையின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. வரும் செவ்வாய் வந்து பார்க்கிறேன்.

உன் தோழன், உன் வசந்தாவின் அண்ணன்,
சேகர்